ருபார்ப் பாத்திக்குப் பின்னால்

வெல்டன், நியூயார்க்
12 ஏப்ரல் 2004

என் மூன்று சக்கர ட்ரைக்கைப் புதைத்த அண்ணனுக்கு, தங்கை ரோனி எழுதுவது.

நான் சுகம். இடது முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்குப் போனில் நான் கத்த, நீ "என்னது? என்னது?" என்று கேட்க, கடைசியில் பக்கத்து வீட்டு நாய்தான் எனக்குப் பதில் சொன்னது. நமக்குக் கடிதமே சரி. நேற்று ஈஸ்டர். பாஸ்கா ரொட்டி சுட்டேன். மேல் ஓட்டுக்குச் சண்டை போட நீ இல்லாததால் அது அப்படியே கிடக்கிறது.

ஊர்ச் செய்தி என்றால் பேரிங் ஆலைதான். மூடிப் பதினோரு வருஷம் ஆகியும் நம்மை விட்டபாடில்லை. பேரிங்குகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய கரைப்பான் நிலத்தடித் தண்ணீரோடு நம் தெரு வரை வந்தது உனக்குத் தெரியும். ஆலை ஓடும்போதே தொடங்கி, பதினைந்து வருஷமாகத் தண்ணீரை இறைத்து, கோபுரத்தில் ஏற்றி, காற்றை ஊதிப் பிரித்துப் பார்த்தார்கள். இறைக்கும்போது குறைகிறது, நிறுத்தினால் பழையபடி ஏறுகிறது. இப்போது அதன் ஆவி மண் வழியாக வீடுகளுக்குள் வருகிறதாம். நம் பேஸ்மென்ட் தரையைத் துளைத்து ஒரு குழாய் இறக்கி, ஆவியைக் கூரைக்கு மேலே தள்ள ஒரு ஃபேன் மாட்டியிருக்கிறார்கள். குழாயில் ஒரு கண்ணாடி வளைவு, அதில் சிவப்புத் தண்ணீர். இரண்டு பக்கமும் ஏற்ற இறக்கமாக நின்றால் ஃபேன் இழுக்கிறது என்று அர்த்தம். நான் நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்க்கிறேன்.

"ஒரு தடவ பாத்தா போதும்மா" என்றாள் அன்னிகா. அவள்தான் அரசாங்கம் அனுப்பிய இன்ஜினியர். எப்போதும் வாயில் சூரியகாந்தி விதை.

"ஒன் வீட்டுல மாட்டிக்கிட்டு நீ ஒரு தடவ பாரு" என்றேன்.

தெருவில் துளை போட்டு சோயா எண்ணெய் இறக்குகிறார்கள். பிறகு கிருமிகள். அவை எண்ணெயைத் தின்று கரைப்பானில் இருக்கும் குளோரினைப் பிடுங்கிவிடுமாம். பாதியில் நின்றுபோனால் மட்டும் ஆபத்து, முதலில் இருந்ததைவிடக் கெட்டதாக மாறி உட்கார்ந்துகொள்ளுமாம். கிருமிகள் பீர் பீப்பாய் மாதிரி ஒன்றில் வந்து இறங்கின. கிழவர் மெட்ரோ ஃபெடோர்ச்சாக் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து, "எனக்கு ஒரு கிளாஸ் ஊத்து" என்று கேட்டார்.

ஆலையில் வேலை பார்த்த பழைய ஆட்களை அன்னிகா தேடுகிறாள். கழுவும் தொட்டியில் நீ எட்டு வருஷம் நின்றவன் என்று உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எழுதினால் பதில் போடு.

தெஸ்ஸாவும் மாப்பிள்ளை டேனும் ஆகஸ்டில் இங்கே என்னோடு குடியேறுகிறார்கள். இரண்டு முறை கரு கலைந்த பிறகு மகள் முகத்தில் சிரிப்பையே நான் பார்க்கவில்லை. வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

காதுக்குள் கண்டதை விட்டுக் குடையாதே.
உன் ரோனி


ஹெரான் ஏரி, மிச்சிகன்
9 மே 2004

அன்புள்ள ரோனி,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏரியில் பனிக்கட்டி போன வாரம்தான் உடைந்தது. ஸ்மெல்ட் மீன் ஒரு வாளி பிடித்தேன். காது அப்படியேதான்.

என் பெயரை யாருக்கும் கொடுக்காதே. அந்தப் பெண்ணின் கடிதம் வந்தது. எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாம் செத்துப் போய்விட்டார்கள்.

தெஸ்ஸாவுக்கு அந்த வீடு எதற்கு? ஈரம் பிடித்த பேஸ்மென்ட். வேறு வீடே கிடைக்கவில்லையா அவர்களுக்கு?

பின்னால் அந்த ருபார்ப் பாத்தி இன்னும் இருக்கிறதா?

ஸ்டெஃப்


வெல்டன்
20 மே 2004

அன்புள்ள ஸ்டெஃப் அண்ணா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தாலும் வந்ததே போதும்.

முதலில் நல்ல செய்தி. தெஸ்ஸா முழுகாமல் இருக்கிறாள்! ஏழு வாரம். யாரிடமும் சொல்லாதே என்றாள், உனக்கு யார் இருக்கிறார்கள், மீனிடமா சொல்லப் போகிறாய் என்று எழுதிவிட்டேன். டேனுக்கு இங்கே வேலை முன்கூட்டியே கிடைத்துவிட்டது. அதனால் ஜூலை மூன்றாம் தேதியே வந்துவிடுவார்கள். உன் பழைய அறைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறேன்.

இனி எரிச்சல். தெரு முழுக்க எண்ணெய் வேலை செய்கிறது. சோதனைக் கிணறுகளில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. நம் வீட்டு வாசலில் இருக்கும் பதினாலாம் நம்பர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் ஆலைப் பக்கமிருந்து நம் கொல்லை வழியாக ஆற்றுக்கு ஓடுகிறது. ஆலைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் கிணறு நம்முடையதைவிடச் சுத்தமாம். அது எப்படி என்று அன்னிகா வரைபடத்தை என் சமையல் மேசையில் விரித்துப் போட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"பின்னாடி தோட்டத்துல ஒரு துளை போட்டுப் பாக்கலாமாம்மா?"

"எதுக்கு?"

"இங்கயே ஏதோ ஒண்ணு கெடக்குற மாதிரி இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! "எங்கப்பா முப்பது வருஷம் அந்த ஆலைக்கு ஒழைச்சாரு. ஒரு ஆணியக் கூட வீட்டுக்குக் கொண்டு வந்தவரில்ல. ஆலை செஞ்ச பாவத்த எங்க தலையில கட்டப் பாக்குறியா?" என்று வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். விதையைத் துப்பக்கூட மறந்து போனாள் பாவம்.

ருபார்ப் ஏன் கேட்டாய்? யானைக் காது மாதிரி இலை விட்டு நிற்கிறது. அந்தப் புளிப்புத் தண்டை நறுக்கி மாவுக்குள் வைத்து, போன ஞாயிறு 'பை' சுட்டேன். தெஸ்ஸா வந்தால் தினமும் கேட்பாள். சரி, என் ட்ரைக்கை அதற்குப் பின்னால்தானே புதைத்தாய்? மூன்று சக்கரமும் முளைத்து மரமாகி இருக்கிறதா என்று பார்க்கவா?

ரோனி


ஹெரான் ஏரி
25 மே 2004

ரோனி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

தெஸ்ஸாவை அங்கே வரவிடாதே. இங்கே அனுப்பு. பெரிய அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கொட்டகையில் படுத்துக்கொள்வேன். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். டேன் லீவு கிடைக்கும்போது வந்து போகட்டும்.

அந்தப் பெண்ணைத் துளை போட விடு.

அந்த ருபார்ப் பையைச் சாப்பிடாதே.

ஸ்டெஃப்


வெல்டன்
6 ஜூன் 2004

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகம்தானே?

உனக்கு என்ன வந்தது? இருபத்தைந்து வருஷமாக ஒருவரையும் வாசற்படி ஏற்றாதவன் நீ. அம்மா சாவுக்கு வந்தவன் காபி ஆறுவதற்குள் கிளம்பிப் போனவன். இன்று வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பதினாறு மணி நேரம் காரில் ஏற்றி அனுப்பு என்கிறாய். காரணம் கேட்டால் பை சாப்பிடாதே! ஆலைக்காரர்களின் வக்கீல் யாராவது உன்னைப் பார்த்தானா? பழைய ஆட்களைப் பிடித்து, வீட்டுக்காரர்கள் மேலேயே பழியைத் திருப்புகிறார்கள் என்று தெருவில் பேச்சு இருக்கிறது. நீயும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாயா? இல்லையென்றால் ஒரு வரி எழுது.

தெஸ்ஸாவின் டாக்டரும் அவளை யோசிக்கச் சொல்கிறார். இந்த ஆவி வயிற்றில் இருக்கும் குழந்தையின் இருதயத்தை ஓட்டையாக்கிவிடுமோ என்று அவருக்குப் பயம். அதற்குத்தானே ஃபேன் ஓடுகிறது? வீட்டுக்குள் அளந்தார்கள், வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே. அரசாங்கமே சரி என்றால் நான் யார் மறுக்க? ஆனால் இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்ச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன். ராத்திரி அந்த ஃபேன் சத்தம் நின்றுவிட்டதோ என்றுதான் விழிப்பு வருகிறது.

அன்னிகா இரண்டு முறை வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

ரோனி


வெல்டன்
23 ஜூன் 2004

அண்ணா,

பதினேழு நாள் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். உடம்பு சரியில்லையா? அல்லது கோபமா? நான் கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று உனக்குத் தெரியாததா?

மழை கொட்டித் தீர்த்தது. பேஸ்மென்ட்டில் மறுபடி அளந்தார்கள். எண் இரண்டு மடங்காகிவிட்டது. ஃபேன் ஓடுகிறது, சிவப்புத் தண்ணீர் சரியாக நிற்கிறது, ஆனாலும் ஏறுகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. தெஸ்ஸா பெட்டி கட்டிவிட்டாள். வராதே என்று எப்படிச் சொல்வேன்? அவர்கள் இருந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நீ என்ன நினைத்து அப்படி எழுதினாய் என்று மட்டும் சொல்.

ரோனி


வெல்டன்
27 ஜூன் 2004
அவசரத் தபால்

ஸ்டெஃபன்,

இன்று பூசை முடிந்ததும் மாதாகோவில் கூடத்தில் கூட்டம். அன்னிகா எல்லோரையும் பார்த்து, அந்தக் காலத்தில் அழுக்குக் கரைப்பானை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டாள். மெட்ரோ கிழவர் குச்சியால் தரையைத் தட்டினார்.

"எங்க ஊத்துனோம்னா கேக்குற? எங்க ஊத்தலன்னு கேளு! ஆலைக்குப் பின்னாடி சரளைல ஊத்துனோம். களைச் செடில ஊத்துனோம். கார் பார்ட்டு கழுவ ஆளுக்கொரு ட்ரம்மு வீட்டுக்கு உருட்டிட்டுப் போனோம். ட்ரைக்குன்னா அவ்ளோ எளக்காரம் அப்போ."

"ட்ரைக்கா?" என்றாள் அன்னிகா.

"அதாம்மா, நீ நாக்கு சுளுக்க ஏதோ நீளமா சொல்றியே, ட்ரைக்குளோரோ என்னமோ. எங்களுக்கு அது ட்ரைக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எனக்கு அப்போது ஐந்து வயது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா உன்னிடம், "ட்ரைக்க எங்கடா போட்ட?" என்றார். நீ, "ருபார்ப் பாத்திக்குப் பின்னாடி பொதைச்சிட்டேன்ப்பா" என்றாய். நான் ஊரே கூடும்படி அழுதேன். நாற்பத்தெட்டு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறேன், முட்டாள் மாதிரி.

சனிக்கிழமை தெஸ்ஸா வருகிறாள்.

ஒரே கேள்வி. எந்த ட்ரைக்கைப் புதைத்தாய்?

வெரோனிகா


ஹெரான் ஏரி
29 ஜூன் 2004
அவசரத் தபால்

ரோனி,

நீ நினைப்பதுதான். உன் வண்டி அன்றைக்கு வராந்தாவில்தான் நின்றது.

அப்பா இரண்டு ட்ரம் கொண்டு வந்தார், பிளிமத் காரின் இன்ஜினைக் கழுவ. கேட்டுக்கொண்டு வந்தது இல்லை. ஷெட்டில் வைத்திருந்ததில் அம்மாவுக்குத் தலைவலி. திரும்ப ஆலைக்கே கொண்டுபோய்ப் போடு என்று என்னிடம் சொன்னார். அன்று ஸ்லோவாக் மன்றத்தில் நடனம். எனக்குப் பத்தொன்பது வயது. பாத்திக்குப் பின்னால் முழங்கால் ஆழம் தோண்டி ஒரு ட்ரம்மைக் கவிழ்த்தேன். மண் அதைக் குடித்தது, ரோனி. சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் குழி காய்ந்துவிட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இன்னொரு ட்ரம்மில் பாதி இருந்தது, குழியை அகலமும் ஆழமுமாக்கி அதை அப்படியே போட்டு மூடிவிட்டேன். தண்ணீரைவிடக் கனமான சரக்கு, இறங்கிக்கொண்டே போகும் என்று தொட்டியில் தினமும் பார்த்தவன் நான். யோசிக்கவில்லை.

மேசைக்கு அடியில் நீ அழுதபோது நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ பள்ளிக்கூடத்தில் போய் "எங்கப்பாவோட ட்ரைக்" என்று உளறினால் அப்பாவுக்கு வேலை போய்விடும். மறுநாள் அம்மா உன் வண்டியை மாதாகோவில் சந்தைக்குக் கொடுத்துவிட்டாள். நீ கேட்டது உண்மையாகிவிட வேண்டுமே. அதற்குப் பிறகு அது கேலியாகிவிட்டது. நீ ஒவ்வொரு முறை அதை எழுதும்போதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

டவுன் தண்ணீர் வரும்வரை நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம். கிணறு பாத்தியிலிருந்து இருபது தப்படிதான். அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் வந்ததே, அது ஏன் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அடக்கம் முடிந்து இங்கே வந்தவன்தான்.

இன்னொன்று. என் காது அவ்வளவு மோசம் இல்லை. போனில் உன் குரல் கேட்டால் எனக்குப் பொய் வராது. அதனால்தான்.

வரைபடம் பின்பக்கத்தில். வால்நட் மரத்திலிருந்து ஒன்பது தப்படி, கோழிக்கூண்டு மூலையிலிருந்து ஆறு.

தெஸ்ஸாவை இங்கே திருப்பிவிடு.

ஸ்டெஃப்


வெல்டன்
7 ஜூலை 2004

ஸ்டெஃபனுக்கு,

தெஸ்ஸா பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபோது போனில் பிடித்து நிறுத்தினேன். இதற்குள் உன்னிடம் வந்திருப்பாள். முட்டை கொடு, பால் கொடு, உன் வாளி மீனை அவளிடம் நீட்டாதே. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு என்னை மாதிரிக் கத்த வராது. அது உன் நல்ல காலம்.

அன்னிகாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வரைபடத்தைக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. வால்நட் மரம் எழுபத்திரண்டாம் வருஷ வெள்ளத்தில் போய்விட்டது. கோழிக்கூண்டு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பாத்தியை அம்மா இரண்டு முறை நகர்த்தினாள். தவறான இடத்தில் துளைத்தால் ட்ரம் கிழிந்து மிச்சமும் இறங்கிவிடும் என்கிறாள் அன்னிகா.

நீ வந்து காலால் மிதித்துக் காட்ட வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. இடம் காட்ட வா.

வெரோனிகா


ஹெரான் ஏரி
12 ஜூலை 2004

ரோனி,

தெஸ்ஸா சௌக்கியம். சமையலறையை முழுக்க மாற்றி வைத்துவிட்டாள், உப்பு எங்கே என்று தெரியவில்லை. டேன் லீவு போட்டு இங்கே அவளோடு இருக்கிறான். வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன்.

ஸ்டெஃப்


வெல்டன்
19 ஜனவரி 2005

அண்ணா,

உன் வீட்டிலிருந்து நான் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். குழந்தை எப்படி? நான் கிளம்பும்போது விக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் இரண்டு தடவை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு "ஒண்ணுமில்ல, நல்லா அடிக்குது" என்றார். நான் மூன்றாவது தடவை கேட்கச் சொன்னேன். கேட்டார்.

வீட்டு நிலவரம் இது. ட்ரம் வெளியே போன பிறகும் முப்பதடி ஆழம் வரை மண்ணில் ஊறிக் கிடக்கிறதல்லவா, அதற்குக் கம்பிகளை இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, பூமியையே கொதிக்க வைக்கிறார்கள். கொதித்து ஆவியாக வருவதைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. ஊரெல்லாம் இடுப்பளவு பனி, நம் தோட்டத்தில் மட்டும் ஈர மண். ஓரத்தில் சூடு குறைவான இடத்தில், ஜனவரி மாதத்தில், ருபார்ப் முளை விட்டிருக்கிறது! சிவப்பாக, கட்டைவிரல் அளவில். "தொடாதீங்கம்மா" என்றாள் அன்னிகா. தொடவில்லை. ஆனால் தினமும் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். பதினாலாம் நம்பர் இறங்க ஆரம்பித்துவிட்டது. முழுசாகச் சுத்தமாக இன்னும் ஐந்தாறு வருஷமாம். அதுவரை தெஸ்ஸாவும் குழந்தையும் இங்கே வர வேண்டாம். இப்போது நானும் சித்தி மகள் வீட்டில்தான் படுக்கிறேன். காலையில் வந்து தபால் எடுத்துவிட்டு, சிவப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

நீ ஜூலையில் வந்தபோது நாலு நாளும் அன்னிகாவிடம்தான் பேசினாய், நானும் அன்னிகாவிடம்தான் பேசினேன். பாவம் அந்தப் பெண் நடுவில் நின்று விதை மென்றாள். நீ கண்ணை மூடிக்கொண்டு புல்லில் நடந்து, நின்று, குதிகாலால் ஒரு மிதி மிதித்தாய். ட்ரம் அங்கேயேதான் இருந்தது, ஒரு முழம்கூடத் தப்பவில்லை. நாற்பத்தெட்டு வருஷமாக அந்த இடத்திலேயே நின்றிருக்கிறாய் என்று அப்போது தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. உன் மேல் கோபமாக இருந்ததால் உள்ளே போய் அழுதேன்.

அப்பா விஷயத்தை என்னால் இன்னும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை எழுத்தில் எழுதவும் எனக்கு இஷ்டமில்லை.

குழந்தைக்கு ஒரு ட்ரைக் வாங்கி லாரியில் அனுப்பியிருக்கிறேன். சக்கரம் மூன்று, சிவப்பு நிறம், மணி உண்டு. இரண்டு வயதாகும்வரை அது உன் வராந்தாவில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நிற்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் செய்வேன். எடு. கத்த மாட்டேன்.

ரோனி